சாவு வீட்டு வாசலில் என்ன பேசுவது? – வாசகர் கேள்வி பதில்

ஆறுதல் சொல்வது பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, துக்கத்தில் இருப்பவர்களோடு பேசுவதையே வேலையாகக் கொண்ட மனநல ஆலோசகர்களும் மருத்துவமனைச் சமூகப் பணியாளர்களும் பதில் சொல்கிறார்கள். கேட்டவர்களின் பெயரை நாங்களே விட்டுவிட்டோம்.

கூட வேலை செய்யும் அண்ணனின் அம்மா தவறிவிட்டார். இப்படிப் போகிற வீடுகளில் மாலையைப் போட்டதும் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். எதையாவது உளறிவிட்டுத்தான் வருகிறேன். என்ன சொல்ல வேண்டும்?
– வாசகர், ராயபுரம்

மாலை போட்டுக் கும்பிட்டதும் நேராகப் பிளாஸ்டிக் சேரைத் தேடிப் போகாதீர்கள். அண்ணன் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பந்தல்காரரிடமோ ஐஸ் பாக்ஸ்காரரிடமோ பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சு முடியட்டும். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியது இரண்டு வரிதான்: “கேள்விப்பட்டதும் கெளம்பி வந்துட்டேண்ணே. அம்மாவுக்கு இப்படி ஆகும்னு நெனைக்கவே இல்ல.” அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் கையை விடாமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அந்த அம்மாவை உங்களுக்குத் தெரியும் என்றால் அவரைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள். “அம்மா கையால வஞ்சிரக் கொழம்பு சாப்பிட்டிருக்கேண்ணே” என்பது போதும். அன்றைக்கு நூறு பேர் வருவார்கள், இப்படி ஒரு வரி சொல்பவர்கள் அதில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள்.

“பாடிய எப்ப எடுக்கிறாங்க?” என்பது எல்லோரும் கேட்கிற கேள்விதான். அதைப் பந்தலில் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். மகனிடமே கேட்க வேண்டியிருந்தால் “அம்மாவ எத்தன மணிக்கு எடுக்கிறீங்கண்ணே?” என்று கேளுங்கள். எடுக்கிற வரைக்கும் அவருக்கு அது அம்மாதான்.

உளறல் எங்கே நடக்கிறது என்று கவனித்தால், பெரிய சொற்களில் நடப்பதில்லை. கடைசியில் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்களில்தான் நடக்கிறது. “வயசானவங்கதானே.” “படுக்கையில கெடக்காம போனாங்கல்ல.” “அப்பாவாவது இருக்காரே.” இந்த ‘தானே’ இழப்பைச் சின்னதாக்கிவிடுகிறது. ‘ல்ல’ எதிராளி வாயிலிருந்து ஒரு ‘ஆமா’வைப் பிடுங்கப் பார்க்கிறது. ‘ஆவது’ மிச்சமிருப்பதை எண்ணிக் காட்டிக் கணக்கை முடிக்கிறது. மூன்று பிள்ளைகளில் ஒன்றைப் பறிகொடுத்தவளிடம் “மீதி ரெண்டாவது நல்லா இருக்கட்டும்” என்று வாழ்த்துகிறவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் காதில் விழுவது கழித்தல் கணக்கு. ஒட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பாருங்கள், அதே விஷயம் உபயோகமாக மாறிவிடும்: “அப்பா எங்கண்ணே? அவரு கூட யாரு இருக்காங்க?”

‘கல்யாணச் சாவு’, ‘நல்ல சாவு’ என்ற சொற்கள் வீட்டுக்காரர்களுக்கு உரியவை. பேரன் பேத்தி எடுத்த கிழவிக்கு மேளம் வைத்து, கானா பாடி அனுப்பும் வீட்டிலும் ஒரு மூலையில் மகள் ஒருத்தி சுருண்டு கிடப்பாள். அவர்களாகச் சொன்னால் தலையாட்டுங்கள், நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

கிளம்பும்போது என்ன சொல்வது என்ற கவலையே வேண்டாம். சாவு வீட்டில் “போயிட்டு வரேன்” சொல்லக் கூடாது, சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும் என்று பெரியவர்கள் வைத்த வழக்கம் வாய் கட்டிக்கொள்ளும் உங்களைப் போன்றவர்களுக்கு வசதியானது. தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அவ்வளவு நெருக்கம் இல்லாதவர்களுக்குக் கால் மணி, இருபது நிமிஷம் போதும்.

“எதுனா வேணும்னா கேளுக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.
– வாசகி, தண்டையார்பேட்டை

கேட்க மாட்டார்கள். என்ன வேண்டும் என்று யோசிக்க வேண்டும், யாரிடம் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும், கூச்சத்தை விட வேண்டும். மூன்று வேலைகளை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு நாம் வந்துவிடுகிறோம். வேலையையும் நேரத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: “ராத்திரி ஏழு மணிக்கு இட்லி கொண்டாறேன்க்கா. எத்தன பேரு இருப்பீங்க?” அவர் சொல்ல வேண்டியது ஒரு எண் மட்டும்.

அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்களுக்குச் சில கணக்குகள். ஆளுக்கு மூன்று இட்லி, சாம்பார் 150 மில்லி என்று வையுங்கள். இருபது பேருக்கு அறுபது இட்லி, மூன்று லிட்டர் சாம்பார். தேங்காய்ச் சட்னி வேண்டாம். சாப்பாடு எப்போது தொடப்படும் என்று சொல்ல முடியாத வீட்டில் முதலில் ஊசிப்போவது அதுதான். 5 லிட்டர் டீ கேனில் 100 மில்லி கப் ஐம்பது வரும். அதோடு சர்க்கரை போடாத ஒரு ஃபிளாஸ்க் தனியாக. தட்டு, டம்ளர் எல்லாம் தூக்கிப்போடுகிற மாதிரி இருக்கட்டும், பாத்திரம் திருப்பித் தருகிற வேலை அவர்களுக்கு இருக்கக் கூடாது.

அநேகமாக எல்லோரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிற பெரியவர்கள், மருந்தைப் போட்டுவிட்டு, எடுக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் தொட மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பார்கள். வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் துக்கத்தில் மயங்குகிறார் என்று விசிறிக்கொண்டிருக்காதீர்கள். சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தேறாவிட்டால் இன்னொரு முறை. நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இது ஆறுதலில் சேராதே என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். “நீ சாப்பிட்டாத்தான் நான் எழுந்து போவேன், ஒரு வாய் துன்னு ஆயா” என்பதைவிட நல்ல ஆறுதல் வாக்கியம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

‘அழாதே’ என்று சொல்லக் கூடாது என்கிறார்கள். சரி, புருஷன் போன வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாமல் இருப்பவரை என்ன செய்வது? எல்லோரும் பிடித்து உலுக்குகிறார்கள்.
– வாசகி, பெரம்பூர்

உலுக்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். முதல் நாளில் அழுகை வராமல் இருப்பது சாதாரணம். செய்தி காதில் விழுந்திருக்கும், உள்ளே இறங்கியிருக்காது. “வாயத் தொறந்து அழுதுடும்மா, மனசுல வச்சுக்காத” என்று பத்துப் பேர் சுற்றி நின்று சொல்லும்போது, தான் ஏதோ தப்பு செய்வதாக அந்தப் பெண்ணுக்குத் தோன்ற ஆரம்பிக்கும். பக்கத்தில் குந்திக்கொள்ளுங்கள். “அழுவ வந்தா அழு, வரலன்னா சும்மா இரு. நான் இங்கதான் கீறேன்” என்றால் போதும். அழுபவருக்குத் தண்ணீர் கொடுப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். முதல் விசும்பலிலேயே டம்ளரை நீட்டினால் ‘போதும் நிறுத்து’ என்றுதான் அர்த்தமாகும். அடங்கி வரும்போது கொடுங்கள்.

என் தங்கச்சி வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. கூடப் போன இரண்டு பேரும் கரை திரும்பவில்லை. ஒரு பக்கம் “வந்துடுவாரு, தைரியமா இரு” என்கிறார்கள். இன்னொரு பக்கம் “ஆவுற காரியத்தப் பாரு” என்கிறார்கள். கூடப் பிறந்த நான் அவளிடம் என்ன சொல்வது?
– வாசகர், காசிமேடு

இரண்டு பக்கமும் தங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறார்கள். “வந்துடுவாரு” என்றால் அவள் பயத்தைச் சொல்ல இடமில்லாமல் போகிறது. “ஆவுற காரியத்தப் பாரு” என்றால் நம்பிக்கையைச் சொல்ல இடமில்லை. அவளுக்கோ ஒரே மணி நேரத்தில் இரண்டும் வந்து வந்து போகும். உடம்பு கிடைக்காத, சேதி வராத இந்த நிலையைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று தனியாகவே பிரித்துப் பார்க்கிறார்கள். அந்தப் பெயரைக் கொடுத்தவர் அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ். இதில் ஆறுதல் சொல்கிறவர் தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும்: “மச்சான் எங்க இருக்காருன்னு யாருக்கும் தெரியலம்மா. தெரியாம இப்படிக் குந்திகினு இருக்கிறதுதான் கொடும. நீ எப்டி நெனச்சாலும் சரி, ரெண்டு விதமாவும் எங்கிட்டப் பேசலாம்.”

அவரைப் பற்றிப் பேசும்போது வினைச்சொல்லில் கவனம் வையுங்கள். “நல்லா பாடிக்கிட்டு இருந்தாரு” என்று ஒருவர் வாயில் வந்துவிட்டால் அங்கேயே அவரை முடித்துவிட்டோம். தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. “எழுந்ததும் டீ கேப்பாரு”, “கரைக்கு வந்ததும் புள்ளையத்தான் தேடுவாரு” என்று சொன்னால், இருப்பவருக்கும் பொருந்தும், இல்லாதவருக்கும் பொருந்தும். அந்த வடிவத்திலேயே பேசுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது, சேதி. துறைமுகத்திலிருந்து ஆளுக்கொரு சேதி கொண்டுவந்தால் அவள் ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைப்பாள். சேதி சேகரிக்க ஒரே ஆளை வையுங்கள், அது நீங்களாகவே இருக்கலாம். காலை எட்டு மணி, மாலை ஆறு மணி என்று இரண்டு நேரம் சொல்லி, சேதி இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்குப் போய் “இன்னிக்கு ஒண்ணும் வரல” என்று சொல்லுங்கள். உறுதியான தகவல் கிடைத்தால் மட்டும் நேரம் பார்க்காமல் ஓடுங்கள்.

கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கட்டும். போட்டின் பதிவு எண், கிளம்பிய தேதியும் நேரமும், மூன்று பேரின் பெயர், போட்டோ, ஆதார் நகல், மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை நகல், போலீஸில் கொடுத்த புகாரின் நகல் எல்லாம் அதில். தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. மீன்வளத்துறைக்கும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாவிட்டால்தான் பொதுவாகச் சட்டம் அவரை இறந்தவராகக் கொள்ளும். 2017 ஒக்கி புயலில் கடலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களை அரசு அவ்வளவு நாள் காக்க வைக்காமல் நிவாரணம் கொடுத்தது. எந்த வழியாகப் போனாலும் இன்று வாங்கும் அந்த நகல்தான் பின்னால் பேசும்.

தாலி, பூ, பொட்டு பற்றி எந்தப் பெரியவரும் இப்போது வாய் திறக்கக் கூடாது. வாசலிலேயே நிறுத்துங்கள். அது அவள் முடிவு, அவள் நாள்.

மருமகளுக்கு ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே குழந்தை தவறிவிட்டது. “சின்ன வயசு, அடுத்தது தங்கும்” என்றேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் சொன்னதில் என்ன தப்பு?
– வாசகி, கொருக்குப்பேட்டை

அடுத்தது தங்கலாம். ஆனால் அவள் அழுவது இதற்காக. போய் உட்கார்ந்து, “இந்தக் கொழந்தைக்காக நீ அழறப்ப நான் அடுத்தது பத்திப் பேசிட்டேன் கண்ணு, தப்புதான்” என்று சொல்லுங்கள். மாமியார் வாயிலிருந்து ‘தப்புதான்’ என்ற சொல் வருவது அரிது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

குடம் தூக்கினாயா, மாடி ஏறினாயா, என்ன சாப்பிட்டாய் என்று விசாரிக்கும் உறவுக்காரர்களை நீங்கள்தான் அடக்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கிருமித் தொற்று, நஞ்சுக்கொடிக் கோளாறு, குழந்தையின் வளர்ச்சிக் குறை என்று பல காரணங்கள் இருக்கலாம். எல்லாப் பரிசோதனையும் செய்தும் காரணம் தெரியாமலே போவதும் நிறைய நடக்கிறது. அதைக் கேட்பது டாக்டர் வேலை. வாசலில் நின்று கேட்கப்படும் ஒவ்வொரு ‘ஏன்’-னும் அவளுக்கு ‘நீதான்’ என்றே கேட்கும்.

வாயால் சொல்வதைவிட முக்கியமான ஒன்று, பால் கட்டுவது. ஆறாம் மாதத்தில் பிரசவமானாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மார்பில் பால் சுரக்கும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், திடீரென்று ரவிக்கை நனையும்போது பெண்கள் உடைந்துபோகிறார்கள். தனியாகக் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள்: “பால் வரும் கண்ணு. பயந்துக்காத, நான் பாத்துக்கறேன்.” உடம்பைப் பிடித்தாற்போல் உள்ளாடை, துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிஷம். வலி தாங்காவிட்டால் இறுக்கம் குறையும் அளவுக்கு மட்டும் கையால் எடுக்கலாம். முழுக்கப் பீய்ச்சினால் இன்னும் சுரக்கும். பால் வற்ற மாத்திரை வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

உங்கள் மகனையும் ஒரு தடவை கேளுங்கள். “அவ எப்படி இருக்கா?” என்று அவனைக் கேட்காதவர் இல்லை. “நீ எப்டிப்பா கீற?” என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதையெல்லாம் வார்டில் இப்படிக் குழந்தையை இழந்தவளுக்குத் துணையாக இருக்கும்போதே படிக்கிற வேறு வாசகிகளுக்கு ஒரு வரி: பக்கத்துப் பெட்டில் குழந்தை அழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால், இடம் மாற்ற முடியுமா என்று சிஸ்டரிடம் நீங்கள் போய்க் கேளுங்கள். அவளாகக் கேட்க மாட்டாள்.

நண்பனின் தம்பி தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். “நான் ஃபோனை எடுத்திருந்தா பொழச்சிருப்பான்” என்று நண்பன் சொன்னதையே சொல்கிறான். “உன் தப்பு இல்லடா” என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இரண்டு நாளாக “எனக்கும் வாழ்க்கை வெறுத்துப்போச்சு” என்கிறான். பயமாக இருக்கிறது.
– பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வாசகர்

கடைசி வரியிலிருந்து தொடங்குவோம். இன்றே நேரில் போய்க் கேளுங்கள். “தப்பா எதுவும் பண்ணிக்க மாட்டல்ல?” என்று கேட்காதீர்கள். அந்த ‘ல்ல’ இங்கேதான் ஆபத்து. அதற்கு ‘சீ, இல்லடா’ என்பதைத் தவிர வேறு பதில் வராது, உங்களுக்கும் அந்தப் பதில்தான் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். நேராகக் கேளுங்கள்: “வெறுத்துப்போச்சுன்னு சொன்னியே, செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. ஏற்கெனவே இருந்தால் அதைச் சொல்ல ஒரு இடம் கிடைக்கும்.

‘ஆமாம்’ என்றால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், பெற்றவர்களை நினைத்துப் பார் என்று பாடம் எடுக்காதீர்கள். “எப்ப இருந்து தோணுது? எப்படின்னு யோசிச்சியா?” என்று கேளுங்கள். வழி, நேரம் என்று யோசித்து வைத்திருந்தால் ஒரு நிமிஷமும் தனியாக விடக் கூடாது. அவனுக்குத் தெரிந்தே, அந்த யோசனைக்கு உதவக்கூடிய பொருள்களை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இந்தப் பக்கத்தில் அரசு ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104, சென்னையில் இருக்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044-24640050 ஆகிய எண்களில் அவனோடு உட்கார்ந்து நீங்களே பேசலாம், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. முயற்சி செய்துவிட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேஸாகிவிடும் என்று மறைக்கும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 115-ஆம் பிரிவில், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. மறைத்து வைத்து நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

இனி அந்த ஃபோன். “உன் தப்பு இல்ல” என்பது உண்மைதான். ஆனால் உடனே சொன்னால் அது கதவைச் சாத்துகிற சத்தம். அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணமே, ஒரு தடவையும் முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை என்பதுதான். “அந்த ஃபோன் எத்தன மணிக்கு வந்துச்சு? நீ அப்ப எங்க இருந்த?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முழுக்கச் சொல்லட்டும். பிறகு, “அன்னிக்கு அந்த ஃபோன் எதுக்குன்னு உனக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சத வெச்சி அன்னிக்கு இருந்தவனத் திட்டுற” என்று சொல்லலாம். ஒரு தடவை போதும்.

அந்த வீட்டுக்குப் போகிற மற்றவர்கள் எப்படி, எதனால், கடிதம் எழுதி வைத்தானா என்று கேட்க வேண்டியதே இல்லை. போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை என்று அந்தக் கேள்விகளுக்கு வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே பல தடவை பதில் சொல்லிவிட்டார்கள்.

நாலு வயசுப் பேத்தி “தாத்தா எங்க?” என்கிறாள். ஊருக்குப் போயிருக்கார் என்றோம். வாசலிலேயே நிற்கிறாள்.
– வாசகி, ஓட்டேரி

ஊருக்குப் போனவர் திரும்பி வர வேண்டும், அவள் நிற்பது நியாயம்தான். ‘தூங்குறார்’ என்றால் ராத்திரி தூங்கப் பயப்படுவாள். ‘சாமி கூட்டிக்கிச்சு’ என்றால் அடுத்து அம்மாவைக் கூட்டிக்கொள்ளுமோ என்று சாமியிடமே பயம் வரும். நாலு வயதுக்கு நேர்ச்சொல்தான் புரியும்: “தாத்தா செத்துட்டாரு. செத்துட்டா ஒடம்பு வேல செய்யாது. மூச்சு வராது, பசிக்காது, வலிக்காது. திரும்ப வரமாட்டாரு. எங்களுக்கும் அழுகையா வருது.” காய்ச்சலில் செத்தார் என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். “உனக்கு வர்ற காய்ச்சல் மாதிரி இல்ல, ரொம்பப் பெரிய நோய்” என்று பிரித்துச் சொல்லுங்கள். நாளைக்கு மறுபடி “தாத்தா எப்ப வருவாரு?” என்று கேட்பாள். இந்த வயதில் சாவு நிரந்தரம் என்பது ஒரு தடவையில் பிடிபடாது. அதே சொற்களில் அதே பதிலைத் திரும்பச் சொல்லுங்கள்.

சாவு ஊர்வலத்தைக் குழந்தைகள் பார்ப்பது பற்றியும் பலர் கேட்கிறார்கள். பார்க்கலாம், முன்கூட்டிச் சொல்லி வைத்தால். “மேளம் அடிப்பாங்க, பட்டாசு வெடிப்பாங்க, ரோட்ல பூ போடுவாங்க, மாமாங்க ஆடுவாங்க, அத்தை சத்தமா அழுவாங்க” என்று வரிசையாகச் சொல்லி, அவளோடு இருக்க ஒரு ஆளை ஒதுக்கிவிடுங்கள். வேண்டாம் என்று அவள் சொன்னால் அந்த ஆள் அவளை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட வேண்டும்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் ‘ரிப்’ என்று போட்டதும் வரிசையாக நாற்பது ‘ரிப்’. நானும் போட வேண்டுமா? முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்களுக்கு எப்படி எழுதுவது?
– வாசகர், மண்ணடி

குரூப்பில் போடாதது ஒரு குற்றமில்லை. அவருக்குத் தனியாக மூன்று வரி எழுதுங்கள்: “அண்ணே, அப்பா தவறின சேதி பாத்தேன். நம்ம கடைக்கு வந்தா மொதல்ல எம் பையனத்தான் விசாரிப்பாரு. பதில் எதுவும் போட வேணாம், ஞாயித்துக்கெழம வர்றேன்.” மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். பதில் போட வேண்டாம் என்று எழுதுவது ஒரு உதவி.

முஸ்லிம் வீட்டில் மௌத் சேதி கேட்டதும் “இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்” என்பார்கள். ‘நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம்’ என்பது பொருள். மற்றவர்கள் அதைத் தட்டுத்தடுமாறி எழுதத் தேவையில்லை, “உங்க துக்கத்துல நானும் இருக்கேன் பாய்” என்பது போதும். அடக்கம் சீக்கிரம் நடக்கும், சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்ற காத்திருப்பில் இருப்பார். அந்த நாளில் ஆண்கள் நேரில் விசாரிக்கப் போகாமல் வீட்டுப் பெண்களை அனுப்புவது மரியாதை. கிறிஸ்தவ வீட்டில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று அவர்கள் எழுதியிருந்தால், அது அவர்கள் நம்பிக்கையின் மொழி. உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் உங்கள் மொழியிலேயே எழுதுங்கள். ‘கண்ணீர் அஞ்சலி’ பேனரில் இறந்தவர் படத்தைவிட வைத்தவர் படம் பெரிதாக இருப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அக்கா புருஷன் போய் மூன்று மாதம். காரியம் எல்லாம் முடிந்தது. இன்னும் அழுகிறாள். எப்போது சரியாகும்?
– வாசகி, திருவொற்றியூர்

மூன்று மாதத்தில் அழுவது நோய் இல்லை. பந்தல் பிரித்து, பதினாறாம் நாள் முடிந்து, உறவுகள் ஊருக்குப் போன பிறகுதான் பல வீடுகளில் துக்கமே ஆரம்பிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் நீடித்த துக்கக் கோளாறு என்று சொல்லவே குறைந்தது ஆறு மாதம் ஆக வேண்டும், அதுவும் அன்றாட வாழ்க்கை முடங்கியிருந்தால்தான். ஆனால் தூக்கமும் சாப்பாடும் அடியோடு போய்விட்டது, குடிக்கிறார், சாக வேண்டும் என்கிறார் என்றால் மாதக் கணக்குப் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

காலண்டரில் நான்கு நாளைக் குறித்து வையுங்கள்: அவர் பிறந்த நாள், கல்யாண நாள், முதல் பொங்கல், முதல் வருஷத் திதி. அதற்கு முந்தின நாள் ஃபோன் செய்து “நாளைக்கு மாமா பொறந்த நாளாச்சே, வரட்டாக்கா?” என்று கேளுங்கள். ஞாபகப்படுத்தி அழவைத்துவிடுவோமோ என்று தயங்க வேண்டாம், அவள் மறந்திருக்கவே மாட்டாள்.

பிள்ளையைப் பறிகொடுத்த தோழியிடம், ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.
– வாசகி, வண்ணாரப்பேட்டை

சொன்னதைவிடப் போகாமல் இருப்பதுதான் இப்போது வலிக்கும். விளக்கம் எதுவும் தயார் செய்யாமல் போங்கள். “அன்னிக்கு நான் சொன்னது தப்பு. என்ன சொல்றதுன்னு தெரியாம சொல்லிட்டேன்.” அவ்வளவுதான். ‘ஆனா நான் எந்த அர்த்தத்துல சொன்னேன்னா’ என்று தொடர்ந்தால் அவள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். கோபப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், போட்டோ இருந்தா காட்டுறியா என்று. இல்லை என்று சொன்னால் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வாருங்கள். வியாழக்கிழமை மறுபடி போங்கள்.